சொட்டுக்கு மேலே பாருங்க





பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவரிடமிருந்து வந்த கடிதம் இது. "காருக்கு அடியில ஆயில் சொட்டுதுங்க. ஒரு பட்டறையில சேம்பர் பேக்கிங் மாத்தினாங்க, நிக்கலை. இன்னொரு பட்டறையில அதையே கழட்டி பேஸ்ட் வெச்சுப் பூட்டினாங்க. கொஞ்ச நாள் காஞ்சு கெடந்துது, அப்பறம் மறுபடியும் சொட்டு. இப்பப் பார்த்தவரு பின்னாடி ஆயில் சீல் போயிருச்சு, கியர்பாக்ஸை எறக்கணும், நெறையச் செலவாகும்ங்கிறாரு. எறக்கச் சொல்லட்டுங்களா, வண்டியவே வித்துத் தொலைச்சர்ட்டுங்களா?"

விற்க வேண்டாமுங்க என்று உடனே பதில் எழுதினோம். ஆனால் அந்தக் கடிதம் மனதை விட்டுப் போகவில்லை. மூன்று பட்டறை, மூன்று பதில். மூவரும் தொழில் தெரிந்தவர்கள்தான். பிறகு ஏன் ஒருவருக்கும் சிக்கவில்லை? இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்கே போகிறது.

சொட்டு விழுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓடு உடைந்திருப்பது முகட்டுப் பக்கம். தண்ணீர் சட்டம் வழியே ஓடி வந்து சொட்டுவது கட்டிலின் மேல். இன்ஜினிலும் அப்படித்தான். ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வருகிற காற்று அதைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். எங்கே கசிந்தாலும் கடைசியில் அது, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்குகிற சேம்பரின் விளிம்புக்கு வந்து, ஏதோ ஒரு போல்ட்டின் தலையில் தொங்கி, அங்கிருந்து தரையில் விழும். கீழே படுத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது சேம்பர்தான். பாவம், குற்றம் செய்யாமலே அடிக்கடி கழற்றப்படுகிற பாகம் அது.

ஆகவே அனுபவசாலிகள் ஈரத்தின் அடியைப் பார்ப்பதில்லை, தலையைப் பார்க்கிறார்கள். ஈரம் தெரிகிற மிக உயரமான இடம் எது, மிக முன்னால் இருக்கிற இடம் எது என்று தேடுகிறார்கள். இன்ஜினின் உச்சியில் இருக்கும் டேப்பெட் கவர் பேக்கிங்கில் ஆரம்பித்து, கேம் ஷாஃப்ட் சீல், டைமிங் கவர், கிராங்க் ஷாஃப்ட்டின் முன் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் என்று இறங்கி வந்து, டிரெயின் போல்ட் வாஷர், சேம்பர் பேக்கிங், கடைசியில் பின் சீல் என்று முடிக்கிறார்கள். இந்த வரிசை செலவுக்கும் பெரும்பாலும் பொருந்தி வருவது நம் அதிர்ஷ்டம். மேலே இருப்பவை கைக்கு எட்டுபவை, விலை குறைந்தவை. பின் சீலுக்குத்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சீலின் விலையைவிட இறக்கி ஏற்றுகிற கூலி பல மடங்கு. அதனால் பின் சீல் என்ற தீர்ப்பு எப்போதுமே கடைசித் தீர்ப்பாக இருக்க வேண்டும்.

தோப்புக்காரரைக் கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பிவைத்தோம். அவர் வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. "எல்லாம் அழுக்கா இருக்குதுங்க, இதுல என்னத்தைப் பாக்கறது? மொதல்ல கழுவோணும்" என்றாராம்.

அந்தக் கழுவுதலில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் புழுதியும், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றும் சேர்ந்து, கசிந்த ஆயில் மேல் ஒரு பூச்சுப் பூசிவிடும். பழைய கசிவு எது, புதுக் கசிவு எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அதை முழுவதும் எடுக்காமல் தேடுவது வீண். இன்ஜின் ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டரையும் காற்று உறிஞ்சுகிற வாயையும் வயர் கனெக்டர்களையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, திருப்பூரிலிருந்து வருகிற பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கம்ப்ரஸர் காற்றில் மூலை முடுக்கெல்லாம் உலர்த்த வேண்டும். வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் அடிக்கிற மாதிரி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. இன்றைய கார்களில் இன்ஜின் மேலேயே அத்தனை சென்சார்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆயில் கசிவைத் தேடப் போய் வயரிங் கோளாறை வாங்கி வருவோம்.

உலர்ந்த பிறகு சந்தேகப்படுகிற இடங்களில் முகத்துக்குப் போடுகிற பவுடரை லேசாகத் தூவுகிறார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பதினைந்து நிமிடம் நின்றபடியே ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். பவுடரின் வெள்ளையில் ஆயில் வருகிற பாதை கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போனால் ஊற்றுக்கண். நின்ற இடத்தில் தெரியாவிட்டால் சத்தி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்க்கிறார்கள். சூடேறி, ஆயில் இளகி, பிரஷர் கூடினால்தான் சில கசிவுகள் வாய் திறக்கும். கண் எட்டாத பின்பக்கத்துக்கு செல்போனை நீட்டி வீடியோ எடுத்துப் பார்ப்பது இப்போது எல்லாப் பட்டறையிலும் வந்துவிட்ட நல்ல பழக்கம். அதற்கும் மசியாத கசிவுக்கு ஒரு சாயம் இருக்கிறது. இன்ஜின் ஆயிலில் கலந்து ஓடவிட்டு, புற ஊதா விளக்கை அடித்தால் கசிவு மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும்.

தோப்புக்காரர் வண்டியில் கசிந்தது டேப்பெட் கவரின் கியர்பாக்ஸ் பக்கத்து மூலை. அங்கிருந்து இன்ஜினின் முதுகுப் பக்கமாக வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் இறங்கிச் சொட்டியிருக்கிறது. அந்த இணைப்பில் ஈரம் பார்த்தால் பின் சீல் என்று சொல்வது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற தவறு. முதலில் பார்த்த இருவர் சேம்பரைக் கண்டார்கள், மூன்றாமவர் இணைப்பைக் கண்டார். மேலே யாரும் பார்க்கவில்லை.

ஆனால் கணபதி மெக்கானிக் பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, ஒரு காகிதத் துண்டை அந்த வாயின் மேல் பிடித்தார். காகிதம் மெல்ல உள்ளே இழுபட வேண்டும். இழுபடவில்லை, படபடவென்று வெளியே தள்ளியது.

இதன் காரணத்தை நம் வாசகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் எரிந்த வாயு கொஞ்சம் எப்போதும் இன்ஜினின் வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். புது இன்ஜினிலும் இறங்கும். அதை உறிஞ்சி மறுபடியும் எரிவதற்கே அனுப்ப பி.சி.வி. வால்வு என்று ஒரு சின்ன வால்வும் ஒரு குழாயும் வைத்திருக்கிறார்கள். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு, பக்கத்திலேயே போய்வருகிற வண்டிகளில் அந்த வால்வு களிம்பேறி அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்தப் பேக்கிங் பலவீனமோ, எந்தச் சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் அடுத்த பலவீனமான இடத்தில் பிதுங்கும். "போன தடவை முன் சீல் மாத்தினேன், இப்ப பின் சீல் போச்சு, இது ராசியில்லாத வண்டி" என்று நொந்துகொள்பவர்கள் பலரின் வண்டியில் ராசி நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சுக்குழாய்தான் அடைத்திருக்கிறது. அந்த வால்வைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ ஆகிற செலவு, ஒரு சீல் மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் சொற்பம். வால்வைச் சுத்தம் செய்த பிறகும் மூடி வாயில் குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் வளையமே தேய்ந்திருக்கலாம். அது வேறு வைத்தியம்.

பழைய அம்பாசிடர்களை நினைத்துப் பார்க்கிறேன். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரைக் கொங்கு நாட்டில் ஒரு தலைமுறை குடும்ப உறுப்பினர் போல வைத்திருந்தது. மில் முதலாளி வீட்டிலும் அதுதான், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்ததும் அதுதான். நிறுத்துகிற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் வரைந்துவிட்டுப் போகும். அதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு. காரணத்தைத் தேடியவர்கள் குறைவு. அதன் 1489 சி.சி. இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்து வடிவமைப்பு. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இன்றைக்கு இருப்பது போல ரப்பர் உதடு வைத்த சீல் அதில் கிடையாது. தண்டின் மேலேயே திருகு மரை மாதிரி ஒரு சுருள் காடி வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அந்தக் காடி வெளியே வரப் பார்க்கிற ஆயிலைத் திருகித் திருகி உள்ளேயே அனுப்பிவிடும். ஓடும்வரை அருமையாக வேலை செய்யும். நிறுத்தினால் காடியில் தங்கிய ஆயில் கொஞ்சம் வெளியே கசியும். மெயின் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலோ, உள்ளே அழுத்தம் ஏறினாலோ கசிவும் கூடும். அந்த வண்டியின் பின்முனைச் சொட்டை வெறுமனே ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு நிறுத்திவிட முடியாது. பேரிங்கைப் பார்க்க வேண்டும், மூச்சுக்குழாயைப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பழைய மெக்கானிக்குகள் கொஞ்சம் சொட்டுவதை ஏற்றுக்கொண்டு, சொட்டின் அளவு கூடுகிறதா என்பதை மட்டும் கவனித்தார்கள். ஒரு இயந்திரம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அதில் எது நோய், எது இயல்பு என்று தெரியும்.

அந்த அறிவுக்கு நம் ஊரில் பஞ்சமே இருந்ததில்லை. 1893-இல் கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, முதல் வேலையாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்த கதை இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தார். இன்றைக்கு அவிநாசி சாலையில் அவர் பெயரால் இருக்கிற கார் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கார்களின் பளபளப்போடு சேர்த்து, அந்தக் காலத்து இன்ஜின்களை எப்படிக் கட்டினார்கள் என்பதையும் காட்டுங்கள்.

அவருக்குப் பின்னும் அந்த அறிவு தொடர்ந்தது. பெரியநாயக்கன்பாளையத்து பிரிக்கால் வண்டிகளுக்கு மீட்டர்களையும் ஆயில் பம்ப்களையும் செய்கிறது. எல்ஜி குழுமம் பட்டறைகளுக்கு வேண்டிய கம்ப்ரஸரையும் காரைத் தூக்குகிற லிஃப்ட்டையும் செய்கிறது. எல்.ஜி.பி. செயின் செய்கிறது, ரூட்ஸ் ஹாரன் செய்கிறது. ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு லேத். கிராங்க் ஷாஃப்ட்டில் சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்துவிட்டால் புதுச் சீல் போட்டாலும் நிற்காது. அந்த இடத்தில் மெல்லிய எஃகு உறை மாட்ட வேண்டும், அல்லது சீலைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி உட்கார வைக்க வேண்டும். இதைச் சொன்னால் உடனே புரிந்துகொண்டு செய்கிற கைகள் கோவையில் இருப்பது போல வேறு எத்தனை ஊரில் இருக்கும்!

பின் ஏன் மூன்று பட்டறையில் தோப்புக்காரருக்கு மூன்று பதில் வந்தது? அறிவு குறைந்ததால் அல்ல. தேடுவதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

பட்டறை பில்லை எடுத்துப் பாருங்கள். சீல் இவ்வளவு, பேக்கிங் இவ்வளவு, ஆயில் இவ்வளவு, மாற்றிய கூலி இவ்வளவு என்றுதான் இருக்கும். கழுவி, உலர்த்தி, பவுடர் தூவி, ஓட்டிப் பார்த்து, படுத்துப் பார்த்து அரைநாள் செலவழித்ததற்கு ஒரு வரி எங்கேயும் இருக்காது. யாராவது ஒரு மெக்கானிக் துணிந்து எழுதினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

"ஏனுங்ணா, சும்மா பாத்ததுக்கா இவ்வளவு?"

"அரைநாள் பாத்தனுங்க தம்பி."

"பாத்தீங்க, சரி. என்ன சாமான் மாத்துனீங்க?"

சாமான் மாற்றினால்தான் காசு என்றாகிவிட்டால், சாமானைத்தானே மாற்றுவார்கள்? எதிரில் இருப்பது சேம்பர், அதன் பேக்கிங் கடையில் கிடைக்கிறது, ஒரு மணி நேர வேலை, மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அடுத்த பாகம். நாம் அரைநாள் கூலியை மிச்சம் பிடித்து மூன்று பட்டறைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர்களிலும் வேலைக்கு இத்தனை மணி என்று கணக்கு. தேடலுக்கு நேரம் ஒதுக்குவது அங்கேயும் அரிதுதான்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆயில் கசிவு என்று பட்டறைக்குப் போனால், "எங்க கசியுதுன்னு மொதல்ல பாத்துச் சொல்லுங்க, பாக்கற கூலியத் தனியாக் குடுத்தர்றேன், அப்பறம் மாத்தறதப் பத்திப் பேசலாம்" என்று ஆரம்பியுங்கள். கண்டுபிடித்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு பேச்சில் மெக்கானிக்கின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற ஆசையில்தான். அந்த ஆசைக்கு நேரம் கிடைக்காமல் போனதுதான் அவருடைய குறை.

பேஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறைகளில் ட்யூபைப் பிதுக்கிப் பூசுகிறார்களே, அது கெட்ட பொருள் அல்ல. சில இன்ஜின்களில் சேம்பருக்குப் பேக்கிங்கே கிடையாது. கம்பெனியிலேயே பேஸ்ட் வைத்துத்தான் பூட்டுகிறார்கள். ஆனால் பழைய பேக்கிங்கின் மிச்சத்தைச் சுரண்டி எடுக்காமல், ஆயில் ஈரத்தின் மேலேயே அப்பி, உலர விடாமல் ஸ்டார்ட் செய்தால் சில வாரத்தில் உரிந்துவிடும். அதிகமாக அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, துண்டாகி, ஆயில் உறிஞ்சுகிற வலையில் போய் அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்திய கதைகள் உண்டு. போல்ட்டை "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்குவதும் அப்படித்தான். டேப்பெட் கவர் போல்ட்டுகளுக்குப் பல கார்களில் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். மணிக்கட்டுப் பலமே அதிகம். மேலும் முறுக்கினால் பேக்கிங் நசுங்கிப் பிளக்கும், அலுமினிய மரை கழன்றுவிடும். டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குகிற மெக்கானிக்கைக் கண்டால் விடாதீர்கள். ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். மிகச் சின்னச் செலவு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேல் புது ஃபில்டரைப் பூட்டினால் ஓட்டத்தில் பீய்ச்சி அடிக்கும்.

தரையில் கிடப்பது எல்லாம் இன்ஜின் ஆயிலும் அல்ல. வெயில் காலத்தில் ஏ.சி. ஓடியபின் சொட்டுவது வெறும் தண்ணீர், விட்டுவிடுங்கள். பச்சையோ இளஞ்சிவப்போ நிறமாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். சிவந்த எண்ணெய் பவர் ஸ்டியரிங்கிலிருந்தோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்தோ வருவது. சக்கரத்தின் பக்கம் வழவழப்பாக ஈரம் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை நகர்த்தவே கூடாது. இரவு வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்துவைத்தால் காலையில் நிறமும் இடமும் அளவும் தெரிந்துவிடும். அந்த அட்டையையே மெக்கானிக்கிடம் எடுத்துக்கொண்டு போகலாம்.

எல்லாக் கசிவுக்கும் பதற வேண்டியதில்லை. பேக்கிங் ஓரத்தில் ஈரமாகப் பளபளத்து, சொட்டாமல் இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை பொறுக்கலாம். ஆனால் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆயில் கீழே வடிய அவகாசம் கொடுத்து, வாரம் ஒரு முறை ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். சின்னக் கார்களில் மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர்தான். குச்சியின் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே பெரும்பாலும் முக்கால் முதல் ஒரு லிட்டர். கசிகிறதே என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. அதிகமான ஆயில் தானே கசிவுக்கு வழி தேடும். சைலன்சர் குழாயின் மேல் விழுந்து புகைகிற கசிவு, டைமிங் பெல்ட்டை நனைக்கிற கசிவு, கிளட்ச்சைத் தொடுகிற கசிவு மூன்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதலாவது தீப்பிடிக்கும், இரண்டாவது பெல்ட்டை ஊறவைத்து அறுக்கும், மூன்றாவது மேட்டில் வண்டியை வழுக்க விடும்.

மலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. அவிநாசி சாலையில் ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தாலும் வண்டி முனகாது. மலையில் சரிவும் வளைவும் சேர்ந்து சேம்பரில் இருக்கிற ஆயிலை ஒரு பக்கமாக ஒதுக்கும்போது, உறிஞ்சுகிற குழாய் ஒரு நொடி காற்றை உறிஞ்சும். ஆயில் பிரஷர் விளக்கு வளைவில் சிவந்து மறைந்தால், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, ஆயில் பாருங்கள். டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் கேன் இல்லாமல் மலை ஏறுவது சரியல்ல. இட்டேரி வழியாகத் தோட்டத்துக்குக் காரை விடுகிறவர்கள் திரும்பி வந்ததும் ஒருமுறை குனிந்து பாருங்கள். நடுத்தடத்தில் துருத்துகிற ஒரு கல் சேம்பரைத் தட்டினால் போதும், அந்த ஒரு சமயம் மட்டும் சேம்பர்தான் குற்றவாளி.

செட்டிபாளையத்தில், ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதன் பெயரில், 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே நடப்பது போன்ற கார் பந்தயங்களில் ஒரு வண்டி ஆயில் சிந்திவிட்டால் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்ட கொடியை ஆட்டி, பின்னால் வருகிற எல்லோரையும் எச்சரிப்பார்கள். சிந்திய வண்டிக்குக் கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடி. அது உடனே பிட்டுக்குள் வந்தாக வேண்டும். உக்கடம் மேம்பால வளைவிலும் லாலி ரோடு சந்திப்பிலும் நமக்குக் கொடி ஆட்ட யாருமில்லை. முதல் மழைத் தூறலில் ரோட்டில் படிந்த ஆயில் மிதந்து மேலே வரும்போது கீழே விழுவது, பின்னால் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறவர்கள். நம் காரின் சொட்டு நம் வீட்டுப் பார்க்கிங்கோடு முடிவதில்லை என்பதற்காகவும்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கழற்றிய ஆயிலையும் யோசிக்க வேண்டும். ஒரு காரிலிருந்து ஒரு தடவை மாற்றிய பழைய ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. வெள்ளியங்கிரி மலையடிவாரத்து ஓடைகளில் பிறக்கிற நொய்யல் நம் ஊர்க் குளங்களை நிரப்பிக்கொண்டு போகிற ஆறு. சாயக்கழிவால் அது பட்ட பாட்டை நாம் எல்லோரும் அறிவோம். பட்டறைச் சாக்கடையில் ஊற்றுகிற கறுப்பு ஆயில் எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் மெக்கானிக் டிரம்மில் சேர்த்துவைத்து விற்கிறாரா என்று கேளுங்கள். அவர் அப்படிச் செய்கிறவர் என்றால் அவருக்கே வண்டியை விடுங்கள்.

அடுத்த இதழிலிருந்து "கண்டுபிடித்தவர்" என்று ஒரு பக்கம் தொடங்குகிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று எந்த ஊராக இருந்தாலும் சரி, உங்கள் வண்டியில் யாருக்கும் சிக்காத பழுதைத் தேடிப் பிடித்த மெக்கானிக் ஒருவரைப் பற்றி எழுதுங்கள். என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சொட்டு எங்கே விழுந்தது, கசிவு கடைசியில் எங்கே இருந்தது, அவர் எப்படித் தேடினார் என்று எழுதினால் போதும். அவர் சம்மதித்தால் பட்டறையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்க. பாத்த கூலி எவ்வளவு வாங்கினாருன்னும் மறக்காம எழுதுங்க. அதையும் அச்சில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்